புத்தகம் கும்பிடவா? படிக்கவா?

நம் நாட்டில் ஆண்டுக்கு ஒரு நாள் புத்தகத்திற்கு ஒரு பெரிய மரியாதை நடந்து வருகின்றது. அதற்குச் சரஸ்வதி பூசை என்று பெயர். அன்றைக்கு வீட்டிலுள்ள புத்தகங்களையெல்லாம் எடுத்துத் தூசி தட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலே ஒரு துணியைப் போர்த்தி, சந்தனமும் குங்குமமும் வைத்து, பொரியும் கடலையும் படைத்துக் கற்பூரம் கொளுத்திக் கும்பிடுகின்றார்கள். இதிலுள்ள வேடிக்கை என்னவென்றால், பூசையில் வைத்த புத்தகத்தை அன்றைய தினம் எடுத்துப் படிக்கக் கூடாது என்பதுதான்! படிப்பிற்கென்று ஒரு தெய்வத்தை ஏற்படுத்தி, அந்தத் தெய்வத்திற்கென்று ஒரு நாளையும் ஏற்படுத்தி, அந்த நாளில் படிக்காமலிருப்பதுதான் பக்தி என்று வைத்த புத்தியை என்னவென்று சொல்லுவது? சரஸ்வதி என்ற பெயரையே கேட்டறியாத பின்லாந்து தேசத்தில் எழுதப் படிக்கத் தெரியாதவனைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். சரஸ்வதி வீணையோடு வீற்றிருக்கும் நம் தேசத்திலோ, 1951-ஆம் ஆண்டு ஜனக்கணக்கு எடுத்தபோது நூற்றுக்குச் சுமார் 18 பேருக்குத்தான் எழுத்து வாசனை இருந்தது. இவ்வளவு காலம் பூசை வாங்கிய தெய்வம் பாக்கி 82 பேருக்கு என்ன செய்தது என்று கேட்டால் நம்மை நாஸ்திகர் என்கின்றார்கள்.

இது நிற்க. இப்பூசையைக் கேலி செய்வது மாத்திரம் இன்று நமது நோக்கமல்ல. வீட்டுப் பூசை ஒரு நாளோடு முடிந்து போகின்றது. ஆனால் நம் ஆரம்பப் பள்ளிக்கூடங்கள் பலவற்றில் இந்தச் சரஸ்வதி பூசை வருஷம் முழுவதும் நடந்துகொண்டிருக்கின்றது என்பதைத்தான் தோழர்கள் கவனிக்க வேண்டுமென்று விரும்புகின்றோம்.

நாம் ஒரு தோழரின் பிள்ளையைச் சேர்க்கிற காரியமாக ஒரு கிராமத்துத் தொடக்கப் பள்ளிக்குப் போயிருந்தோம். தலைமை உபாத்தியாயர் உட்காரும் இடத்தில் ஓர் இரும்புப் பீரோ இருந்தது. அதன்மேல் வெள்ளைச் சாயத்தில் 'நூலகம்' என்று எழுதியிருந்தது. அதில் ஒரு பூட்டுத் தொங்கிற்று. "இதைத் திறந்து காட்டுகிறீர்களா, ஐயா?" என்று கேட்டோம். சாவி எங்கே இருக்கின்றது என்று கண்டுபிடிக்கவே நேரமாயிற்று. கடைசியில் திறந்தபோது, பளபளவென்று படம் போட்ட நல்ல கதைப் புத்தகங்கள், கட்டி அனுப்பிய சணல் கூட அவிழ்க்கப்படாமல் கட்டுக்கட்டாக இருந்தன. "பிள்ளைகளுக்குக் கொடுப்பதில்லையா?" என்றோம். "கொடுத்தால் கிழித்துவிடுவார்கள். ஒன்று குறைந்தாலும் தணிக்கைக்கு வருகிறவர்கள் என்னைத்தானே கேட்பார்கள்? நானா கைக்காசு போட்டுக் கட்டுவது?" என்றார். அவர் கெட்டவர் அல்லர். பிள்ளைகளிடம் பிரியமாகவே பேசினார். ஆயினும் புத்தகத்தைக் காப்பாற்றுவதுதான் தம் உத்தியோகம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

அந்தச் சமயத்தில் தண்ணீர்க் குடத்தோடு வந்த ஒரு சிறுமி, வாசற்படியில் நின்று பீரோவுக்குள் எட்டிப் பார்த்தாள். மேலாக இருந்த புத்தகத்தின் அட்டையில் ஒரு யானை மரத்தின்மேல் ஏறி உட்கார்ந்திருப்பது போலப் படம் போட்டிருந்தது. "சார், அந்த யானை எப்படி சார் மரத்துமேல ஏறுச்சு?" என்று கேட்டாள். "போ, போ, குடத்தைக் கொண்டு போய் வை" என்று சொல்லிவிட்டு அவர் பீரோவைப் பூட்டினார். அந்தப் பெண் கேட்ட கேள்விக்கு விடை அந்தப் புத்தகத்திற்குள்ளேயே இருந்தது. அவள் கைக்கும் அந்தப் புத்தகத்திற்கும் நடுவில் இருந்தது ஒரு பூட்டு. அந்தப் பூட்டைப் பற்றித்தான் இன்று எழுதுகின்றோம்.

பூட்டின் வயது

இந்தப் பூட்டு நேற்று மாட்டியதல்ல. வேதத்தைக் கேட்ட சூத்திரன் காதில் ஈயத்தையும் அரக்கையும் காய்ச்சி ஊற்ற வேண்டும் என்று கௌதம தர்ம சூத்திரம் விதித்த காலத்திலேயே மாட்டியது. கேட்டதற்கே காதை அடைத்தவர்கள், படிப்பதற்குக் கண்ணைத் திறந்துவிடுவார்களா? இதை நாம் சொன்னால் அதெல்லாம் பழைய ஏடு, யார் நடத்தினார்கள் என்கின்றார்கள். ஏட்டில் இருந்ததை ஒருவரும் நடத்தவில்லையென்றால், 1848-இல் புனாவில் ஜோதிராவ் பூலேயும் அவர் மனைவி சாவித்திரிபாயும் பெண்களுக்குப் பள்ளிக்கூடம் திறந்தபோது, அந்த அம்மையார் பாடம் சொல்லப் போகிற வழியில் சேற்றையும் சாணியையும் எறிந்தார்கள் என்று சொல்லப்படுகின்றதே, அது எந்த ஏட்டைப் பார்த்துச் செய்தது?

படிப்பை அடிமைக்கு மறுப்பது நம் நாட்டு எஜமானர்களுக்கு மாத்திரம் தெரிந்த வித்தையுமல்ல. அமெரிக்காவில் நீகிரோ என்று இழிவாய் அழைக்கப்பட்ட கறுப்பு மக்களை அடிமைகளாக வைத்திருந்த காலத்தில், பிரடெரிக் டக்ளஸ் என்ற சிறுவனுக்கு எஜமானி எழுத்துச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தாள். எஜமானன் அதைக் கண்டு, படிப்பு வந்தால் அடிமை அடிமைத்தனத்திற்கு லாயக்கில்லாதவனாய்ப் போய்விடுவான் என்று தடுத்துவிட்டான். அந்த ஒரு வார்த்தையிலேயே சிறுவனுக்கு விஷயம் விளங்கிவிட்டது. எதை இவர்கள் இவ்வளவு பயந்து தடுக்கின்றார்களோ அதுதான் விடுதலைக்கு வழி என்று தெரிந்துகொண்டான். தெருவிலுள்ள ஏழை வெள்ளைக்காரப் பையன்களுக்குத் தன் ரொட்டியைக் கொடுத்து, பதிலுக்கு எழுத்துக் கற்றுக்கொண்டான். பின்னால் தப்பியோடி, 1845-இல் தன் சரித்திரத்தைத் தானே எழுதி உலகம் அறியச் செய்தான். வயிற்றுக்கு வைத்திருந்த ரொட்டியைக் கொடுத்து எழுத்தை வாங்கிய அந்தப் பிள்ளைக்கு யாரும் அட்சராப்பியாசம் செய்து வைக்கவில்லை, நெல்லில் விரலைப் பிடித்து எழுதவும் வைக்கவில்லை. படிக்க வேண்டும் என்ற ஆசை இருந்தது. அவ்வளவுதான்.

திறந்ததும் திறக்காததும்

நம் நாட்டில் இந்தப் பூட்டை உடைக்க நம் முன்னோர் செய்த பிரயத்தனம் கொஞ்சநஞ்சமல்ல. ஜஸ்டிஸ் கட்சியார் காலத்தில், 1920-இல், சென்னை நகரசபையார் தியாகராயர் தலைமையில் ஆயிரம்விளக்குப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு மத்தியானச் சாப்பாடு போட்டார்கள். பசித்தவனுக்குப் படிப்பு ஏறாது என்று கண்டுகொண்ட காரியம் அது. 1953-இல் ராஜகோபாலாச்சாரியார் மந்திரிசபை, பாதி நேரம் பள்ளிக்கூடம், பாதி நேரம் அப்பன் தொழில் என்று ஒரு திட்டம் கொண்டு வந்தபோது, அது குலக்கல்வி என்று பெரியாரும் நம் இயக்கத்தாரும் நாடெங்கும் எடுத்துச் சொல்லிக் கிளர்ச்சி செய்தார்கள். 1954-இல் காமராசர் முதல் மந்திரியானதும் அது எடுபட்டது. 1956-இல் மதிய உணவு நாடு முழுவதற்கும் பரவ ஆரம்பித்தது. 2022-இல் காலைச் சிற்றுண்டியும் வந்துவிட்டது. பிள்ளைக்கு எழுத்து சுலபமாக வேண்டுமென்று பெரியார் 1935-இல் 'குடிஅர'சில் அச்சடித்துக் காட்டிய எழுத்துச் சீர்திருத்தத்தை 1978-இல் சர்க்காரே ஏற்றுக்கொண்டது. இவ்வளவின் பலனாக 2011-ஆம் ஆண்டு ஜனக்கணக்கில் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 80 பேர் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் என்று ஆயிற்று. இதைக் குறைவாக யாரும் பேச முடியாது.

ஆனால் எழுத்துத் தெரிவது வேறு, படிப்பது வேறு. நீந்தத் தெரிந்தவன் என்று பெயர் வாங்கிக்கொண்டு தண்ணீரில் கால் வைக்காதவனைப் போல, படிக்கத் தெரிந்தவன் என்று பெயர் வாங்கிக்கொண்டு, பரீட்சை முடிந்த நாள் முதல் ஒரு புத்தகத்தையும் தொடாதவர்கள் எத்தனை பேர் என்று அவரவர் வீட்டிலேயே எண்ணிப் பார்க்கட்டும். அந்த எழுத்தாவது சரியாக வந்ததா என்றால் அதுவுமில்லை. இந்தியா முழுவதும் கிராமங்களில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைப் படிக்கச் சொல்லிப் பார்த்து எழுதப்படும் 'அசர்' அறிக்கை, 2024-ஆம் ஆண்டில், சர்க்கார் பள்ளிக்கூடங்களில் ஐந்தாம் வகுப்புப் படிக்கின்ற பிள்ளைகளில் பாதிப் பேரால் கூட இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்க முடியவில்லை என்று சொல்லுகின்றது. ஐந்து வருஷம் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்த பிள்ளைக்கு நாலு வரி ஓடவில்லையென்றால், அது பிள்ளையின் தலையெழுத்தா? முற்பிறப்பில் செய்த பாவமா? தலையெழுத்து என்று சொல்லிவிட்டால் யாரும் பொறுப்பாளியில்லை என்று ஆகிவிடும். அதற்காகத்தான் அந்த வார்த்தையையே கண்டுபிடித்தார்கள்.

பிள்ளைக்கு வெறுப்பு ஏன்?

பிள்ளைகளுக்குப் படிப்பில் ஆசையில்லை என்று உபாத்தியாயர்கள் குறைப்பட்டுக்கொள்ளுகின்றார்கள். ஆசை வருவதற்கு நாம் என்ன செய்தோம் என்று யோசிக்க வேண்டாமா? பிள்ளை வகுப்பில் காண்கின்ற புத்தகம் பாடப்புத்தகம் ஒன்றுதான். அதை உபாத்தியாயர் ஒரு வரி சொல்ல, நாற்பது பிள்ளைகள் கோயிலில் கோவிந்தாப் போடுவதுபோல் ஒரே குரலில் திருப்பிச் சொல்லுகின்றார்கள். பக்கத்தைத் தலைகீழாய்ப் பிடித்துக்கொண்டு ஒரு எழுத்தும் தவறாமல் ஒப்புவிக்கின்ற பிள்ளைகளை நாம் பார்த்திருக்கின்றோம். அர்த்தம் தெரியாமல் மந்திரம் சொல்லுகின்ற புரோகிதருக்கும் இந்தப் பிள்ளைக்கும் என்ன வித்தியாசம்? அவர் தட்சணைக்குச் சொல்லுகின்றார், இவன் அடிக்குப் பயந்து சொல்லுகின்றான். தப்புச் செய்தால் தண்டனை என்ன? அதே பாடத்தைப் பத்துத் தடவை எழுதிக் கொண்டு வா என்று இம்போசிஷன்! புளியமிளாறும் பிரம்பும் 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தால் தடுக்கப்பட்டாயின. ஆனால் படிப்பையும் எழுத்தையுமே பிரம்பாக ஆக்கி வைத்திருப்பதை எந்தச் சட்டம் தடுப்பது? ஜெயிலில் கல் உடைக்க வைத்தவனை வெளியே வந்தபின் கல் உடைக்க ஆசைப்படு என்றால் ஆசைப்படுவானா?

அதோடு, வகுப்பிலும் ஒரு வருணாச்சிரமம் இருக்கின்றது. நன்றாகப் படிக்கின்ற நாலு பிள்ளைகள் முன் வரிசையில் உட்கார்ந்து எழுந்து எழுந்து படிக்கின்றார்கள். அதிகாரி வந்தாலும் அவர்களைத்தான் எழுப்புகின்றார்கள். வீட்டில் ஒரு துண்டுக் காகிதம் கூட இல்லாத கூலிக்காரன் பிள்ளை பின்வரிசையில் வாயை மாத்திரம் அசைத்துக்கொண்டு ஐந்து வருஷத்தையும் கழித்து விடுகின்றான். தண்ணீர் கொண்டு வர, கூட்ட, பெருக்க என்று எழுப்பப்படுவது பெண் பிள்ளைகளும் பின்வரிசைப் பிள்ளைகளும்தான். ஆகவே, வீட்டில் புத்தகம் உள்ளவனுக்கே பள்ளியிலும் புத்தகம், இல்லாதவனுக்குக் குடமும் துடைப்பமும் என்றால், இதற்கும் மனுதர்மத்திற்கும் என்ன தூரம் என்று கேட்கின்றோம்.

நம் பெரியவர்கள் எப்படிப் படித்தார்கள்?

நம் இயக்கத்தின் பழைய தோழர்கள் பலர் பள்ளிக்கூடத்தைக் கண்டவர்களல்லர். அவர்களுக்குப் பத்திரிகைப் பித்து எப்படி வந்தது? முடி திருத்தும் கடையிலும், டீக்கடையிலும், ஊர்ப் படிப்பகத்துத் திண்ணையிலும் எழுத்துத் தெரிந்த ஒருவர் 'குடிஅரசு', 'விடுதலை' பத்திரிகைகளை உரக்கப் படிப்பார். பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். நடுவில் ஒருவர் "அதெப்படி?" என்று கேட்பார், இன்னொருவர் மறுப்பார், வாதம் நடக்கும். "மேலே என்ன போட்டிருக்கிறான், படி" என்பார்கள். படிக்கிற ஆள் ஒரு நாள் வராவிட்டால் தவித்துப் போவார்கள். அந்தத் தவிப்புத்தான் பலரை, 'இனி இன்னொருவன் வாயை எதிர்பார்த்து நிற்பானேன்?' என்று தாமே எழுத்துக் கூட்டிப் படிக்கச் செய்தது. முதலில் விஷயத்தில் ஆசை, பிறகு எழுத்து. நம் பள்ளிக்கூடங்களோ முதலில் எழுத்து, கடைசிவரையில் எழுத்து, விஷயம் எப்போதும் இல்லை என்று வைத்திருக்கின்றன.

இதே உண்மையை வேறு தேசத்தாரும் கண்டிருக்கின்றார்கள். பிரேசில் தேசத்தில் பாவ்லோ பிரெய்ரே என்ற கல்வியாளர், 1963-இல் அங்கீகோஸ் என்ற ஊரில், எழுத்தறியாத கூலியாட்கள் சுமார் 300 பேருக்குச் சுமார் 40 மணி நேரத்தில் படிக்கக் கற்பித்தார். 'செங்கல்' போன்ற, அவர்கள் தினமும் கையில் எடுக்கின்ற சாமான்களின் பெயரைக் கொண்டே எழுத்தைச் சொல்லிக் கொடுத்து, இந்தச் செங்கல்லை அறுப்பவன் யார், இதனால் கட்டிய வீட்டில் இருப்பவன் யார் என்று பேச வைத்தார். அந்தத் தேசத்தில் அப்போது எழுத்துத் தெரியாதவனுக்கு ஓட்டு இல்லை. மறு வருஷம் பட்டாளத்தார் ராஜ்யத்தைப் பிடித்ததும் அவரைச் சிறையில் போட்டார்கள். பிறகு அவர் நாட்டை விட்டே போக நேர்ந்தது. நியூஸிலாந்தில் சில்வியா ஆஷ்டன் வார்னர் என்ற அம்மையார், மவோரிப் பூர்வகுடிப் பிள்ளைகளுக்கு வெள்ளைக்காரப் பிள்ளைகளின் பாடப்புத்தகம் ஒட்டவில்லை என்று கண்டு, ஒவ்வொரு பிள்ளையிடமும் 'உனக்கு எந்த வார்த்தை வேண்டும்?' என்று கேட்டு, அதையே அட்டையில் எழுதிக் கொடுத்தார். பிள்ளைகள் தங்கள் பயத்தையும் பிரியத்தையும் சொல்லுகின்ற வார்த்தைகளைக் கேட்டு வாங்கினார்கள். அவற்றை ஒரு தடவை பார்த்தே பிடித்துக்கொண்டார்கள். நம் குஜராத்தில் பாவ்நகரைச் சேர்ந்த கிஜுபாய் பதேகா என்பவர், அடங்காத வகுப்பையும் ஒரு கதை அடக்கிவிடும் என்றும், கதை கேட்ட பிள்ளை தானே புத்தகத்தைத் தேடிப் போகும் என்றும் எழுதினார். அவருடைய புத்தகம் 'பகற்கனவு' என்று தமிழிலும் வந்திருக்கின்றது.

செய்ய வேண்டியது என்ன?

ஆகவே, உபாத்தியாயத் தோழர்களுக்கு நாம் சொல்லுவது பெரிய காரியமல்ல. பணம் வேண்டியதுமல்ல. தினம் கால் மணி நேரம் ஒரு கதைப் புத்தகத்தை எடுத்து வகுப்புக்கு உரக்கப் படியுங்கள். டீக்கடையில் பத்திரிகை படித்தவர் பரீட்சை வைக்கவில்லை. நீங்களும் வைக்காதீர்கள். இதன் நீதி என்ன என்று கேட்டு, வாயில் போட்ட வெல்லத்தைக் கசப்பாக்காதீர்கள். ருசியான இடத்தில் நிறுத்தி, மிச்சத்தை நாளைக்கு என்று சொல்லுங்கள். புத்தகத்தை மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே போங்கள். திரும்பி வந்து பார்த்தால் நாலு தலைகள் அதன்மேல் கவிழ்ந்திருக்கும்.

இரண்டாவதாக, பீரோவிலுள்ள புத்தகங்களைப் பிள்ளையின் கைக்கு எட்டுகின்ற உயரத்திற்குக் கொண்டு வாருங்கள். அலமாரி இல்லாவிட்டால் சுவரோரமாய் ஒரு கயிறு கட்டி, துணி காயப் போடுவதுபோல் புத்தகங்களைத் தொங்கவிட்டாலும் போதும். எந்தப் புத்தகத்தை எடுப்பது என்பதைப் பிள்ளையே தீர்மானிக்கட்டும். பாதியில் பிடிக்கவில்லையென்றால் வைத்துவிட்டு வேறு எடுக்கட்டும். படம் மாத்திரம் பார்க்கின்ற பிள்ளையையும் விரட்ட வேண்டாம். 2023-இல் தமிழ்நாட்டுக் கல்வி இலாகாவார் வாசிப்பு இயக்கம் என்று ஒன்று ஆரம்பித்து, 'நுழை, நட, ஓடு, பற' என்று நாலு படியாகச் சிறு புத்தகங்களைப் போட்டது நல்ல காரியமே. ஆனால் 'பற' என்று எழுதிய புத்தகத்தைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினால் எது பறக்கும்?

மூன்றாவதாக, பிள்ளை சொல்லுவதை எழுதி அதையே அதற்குப் படிக்கக் கொடுங்கள். 'எங்க ஆடு குட்டி போட்டுது, ரெண்டும் கறுப்பு' என்று பின்வரிசைப் பிள்ளை சொன்னால், அதைப் பலகையில் அப்படியே எழுதி அவன் பெயரையும் கீழே போடுங்கள். அச்செழுத்து என்பது வேறு ஜாதியாருக்கு உரியது என்று நினைத்திருந்த பிள்ளை, தன் வீட்டு ஆடும் எழுத்துக்குள் வரும் என்று அறிகின்ற நாள், அவனுக்குச் சுயமரியாதை பிறந்த நாளாகும். நாலாவதாக, உபாத்தியாயரும் தமக்காக ஒரு புத்தகத்தைப் பிள்ளைகள் பார்க்கப் படிக்க வேண்டும். தாம் படிக்காமல் பிள்ளைகளைப் படி படி என்பது, தாம் கள்ளைக் குடித்துக்கொண்டு மதுவிலக்குப் பிரசங்கம் செய்வது போலாகும்.

ஆட்சேபணைகள்

பிள்ளைகள் கிழித்துவிடுவார்களே என்றால், கிழியட்டும் என்றுதான் சொல்லுவோம். பத்துப் பேர் படித்துக் கிழிந்த புத்தகம் வேலை செய்த புத்தகம். கிழியாமல் செல்லரித்துப் போன புத்தகத்தால் செல்லைத் தவிர வேறு யாருக்கு லாபம்? தேய்ந்த கலப்பைக்காக ஒரு குடியானவனை யாராவது தண்டித்தது உண்டா? அதிகாரிகளும் ஓர் உத்தரவு போட வேண்டும். படித்துக் கிழிந்த புத்தகத்திற்கு உபாத்தியாயர் ஜவாப்தாரியல்ல என்றும், ஒருவரும் தொடாத புத்தகத்திற்கே அவர் சமாதானம் சொல்ல வேண்டும் என்றும் தணிக்கையைத் திருப்பிப் போட்டால் எல்லாப் பீரோவும் ஒரே நாளில் திறந்துகொள்ளும்.

பாடத்தை முடிக்கவே நேரமில்லை என்கின்றார்கள். ஐந்து வருஷம் பாடத்தை முடித்தும் படிக்க வராத பிள்ளைகள் பாதிக்குமேல் என்றால் முடித்தது என்ன? ஓட்டைப் பானையில் இறைத்த தண்ணீருக்குக் கணக்கு எழுதுவதால் தாகம் தீராது.

பெற்றோர் படிக்காதவர்கள், வீட்டில் சொல்லிக் கொடுக்க ஆளில்லை என்கின்றார்கள். அதனால்தான் ஐயா பள்ளிக்கூடம் வைத்தது! மேலும், பிள்ளை புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டு போனால், சொல்லிக் கொடுக்க ஆளில்லாவிட்டாலும் கேட்க ஆள் உண்டு. பிள்ளை படிக்க, களைத்து வந்த தாய் அடுப்பங்கரையில் உட்கார்ந்து கேட்பாள். அந்தத் தாய், குழுக் கடனுக்கு என்று நீட்டுகின்ற காகிதத்தில் என்ன வட்டி, என்ன நிபந்தனை என்று தெரியாமல் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுகிறவள். நாளைக்கு அந்தக் காகிதத்தை வாங்கி, "அம்மா, இரு, என்ன எழுதியிருக்கிறதென்று பார்க்கிறேன்" என்று சொல்லப் போவது அந்தப் பிள்ளைதான். யானைக் கதை எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். யானைக் கதையை ஆசையாய்ப் படித்தவன்தான் கடன் பத்திரத்தையும் பயமில்லாமல் படிப்பான்.

இந்தக் காலத்தில் செல்போன் இருக்கின்றதே, புத்தகம் எதற்கு என்பாரும் உண்டு. பசு மூத்திரம் வியாதியைத் தீர்க்கும் என்றும், இன்ன மந்திரத்தைப் பத்துப் பேருக்கு அனுப்பாவிட்டால் கேடு வரும் என்றும் வருகின்ற சங்கதிகள் எதில் வருகின்றன? அந்தச் செல்போனில்தான். முன்பு புரோகிதர் நடந்து வந்து சொன்ன பொய், இப்போது மின்சாரத்தில் ஏறி வருகின்றது. நாலு வரியை நம்பி அனுப்புகிறவன், நாற்பது பக்கத்தைப் பொறுமையாய்ப் படித்துப் பழகாதவன். ஒரு விஷயத்தின் முன்னும் பின்னும் படித்துப் பழகிய பிள்ளைக்குத்தான் 'இதற்கு ஆதாரம் என்ன?' என்று கேட்கத் தோன்றும்.

நம் தோழர்களுக்கு ஒரு வார்த்தை

பள்ளிப் பிள்ளைகளுக்குக் கதைப் புத்தகம் கொடுத்தால் அதில் பேயும் பூதமும் மந்திரவாதியும் வருகின்றனவே, அதைவிட நம் பிரசாரப் புத்தகங்களையே கொடுத்தாலென்ன என்று சில தோழர்கள் நம்மைக் கேட்டார்கள். இதை நாம் ஒப்புக்கொள்ள மாட்டோம். ஆறு வயதுப் பிள்ளையைத் தேவாரம் நெட்டுருப் போட வைப்பது தவறானால், 'கடவுள் இல்லை' என்பதை நெட்டுருப் போட வைப்பதும் தவறேயாகும். நெட்டுருவில் நல்ல நெட்டுரு, கெட்ட நெட்டுரு என்று கிடையாது. நமக்கு வேண்டியது நாம் சொன்னதைச் சொல்லுகின்ற கிளி அல்ல. நாம் சொன்னதையும் 'ஏன்?' என்று கேட்கின்ற மனிதன். கதையில் பேய் வந்தால் வரட்டும். "பேயை யாராவது பார்த்திருக்கிறீர்களா? பார்த்ததாகச் சொன்னவர் எங்கே நின்று பார்த்தாராம்?" என்று உபாத்தியாயர் சிரித்துக்கொண்டே கேட்டால் போதும். மரத்திலேறிய யானையைக் கண்டு "எப்படி ஏறுச்சு?" என்று கேட்ட சிறுமியிடம் பகுத்தறிவு ஏற்கெனவே இருக்கின்றது. அதைக் கொண்டு வந்து ஊட்ட வேண்டியதில்லை, கொல்லாமல் இருந்தால் போதும்.

தோழர்களே! 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், ஒவ்வொரு பள்ளிக்கூடத்திலும் பத்திரிகைகளும் கதைப் புத்தகங்களும் உள்ள நூலகம் இருக்க வேண்டும் என்று அட்டவணை போட்டுச் சொல்லியிருக்கின்றது. 1948-இல் சென்னை ராஜதானியில் பொது நூலகச் சட்டம் வந்தது முதல், நாம் கட்டுகின்ற வீட்டு வரியோடு நூலகத்திற்கும் வரி கட்டி வருகின்றோம். அதற்கும் முன்னாலே, 1931-இல், மன்னார்குடிப் பக்கத்துக் கிராமங்களுக்கு மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக்கொண்டு போய்க் கொடுத்திருக்கின்றார்கள். 2010-இல் சென்னையில் அண்ணா நூற்றாண்டு நூலகமும் 2023-இல் மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகமும் மாளிகையாக எழுந்தது நமக்குப் பெருமைதான். ஆனால் மாட்டு வண்டி வந்த கிராமத்திற்கு, பள்ளிக்கூடத்துப் பீரோவின் சாவி வர முடியவில்லையென்றால் அது பெருமையல்ல.

எனவே, ஒவ்வொரு ஊரிலுமுள்ள நம் தோழர்கள் இந்த வாரமே தங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளிக்குப் போய், பீரோ திறந்திருக்கின்றதா, போன மாதத்தில் எத்தனை புத்தகங்கள் பிள்ளைகளின் வீட்டுக்குப் போயின என்று மரியாதையாய்க் கேட்க வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர்கள் எழுந்து கேட்க வேண்டும். கிராம சபையில் கேட்க வேண்டும். கிழிகின்ற புத்தகத்திற்கு ஈடாக மாதம் ஒரு புத்தகம் வாங்கிக் கொடுப்பதாக ஊரார் சேர்ந்து உபாத்தியாயருக்கு உறுதி சொல்ல வேண்டும். எழுத்துத் தெரிந்தவர்கள் வாரம் ஒரு நாள் மாலையில் பிள்ளைகளைத் திண்ணையில் உட்கார வைத்துக் கதை படித்துக் காட்ட வேண்டும்.

அடுத்த சரஸ்வதி பூசை நாளன்று, மற்றவர்கள் புத்தகத்தை மூடி வைத்துக் கும்பிடும் அந்தச் சமயத்தில், நம் தோழர்கள் தங்கள் வீட்டிலுள்ள புத்தகங்களைத் திண்ணையில் பரப்பி, தெருப் பிள்ளைகளைக் கூப்பிட்டு, வேண்டியதை எடுத்துப் படிக்கச் சொல்லட்டும். பொரியும் கடலையும் வேண்டுமானால் அந்தப் பிள்ளைகளுக்குக் கொடுக்கட்டும். தின்றுகொண்டே படிப்பார்கள்.

நாம் அந்தப் பள்ளிக்கூடத்திற்கு மறுபடியும் போகப் போகின்றோம். யானை மரத்தில் எப்படி ஏறிற்று என்பது அந்தச் சிறுமிக்கு இதற்குள் தெரிந்திருந்தால், இந்த வியாசம் எழுதியதற்குப் பிரயோஜனம் உண்டு என்று கருதுவோம்.